டீசல் காரில் கூலன்ட் குறைகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

"இன்னாண்ணே, தண்ணி குறைஞ்சிக்கினே கீது, கீழ பார்த்தா ஒரு சொட்டு இல்ல. எங்கதான் போவுது?" சத்துவாச்சாரியில் இருக்கும் என் பட்டறைக்கு வரும் பழைய டீசல் வண்டிக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. இண்டிகா, சுமோ, பொலேரோ, குவாலிஸ், 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட் என்று வண்டி எதுவானாலும் கேள்வி இதுதான். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்னு சொல்லிட்டாங்க."

ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம். அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைப்பது ஹெட் கேஸ்கெட். அவசரப்பட்டு யாரையும் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். டீசல் இன்ஜினில் ஹெட்டைக் கழற்றுவது என்றால் இன்ஜெக்டர், டைமிங், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட், லேத்தில் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது), லேபர் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். இவ்வளவையும் செய்து முடித்த பிறகு, கோளாறு ரேடியேட்டர் மூடியின் ரப்பரில்தான் என்று தெரிந்தால் வயிறு எரியாதா?

கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் சுற்றும் தண்ணீர்க் கலவை, வெளியே போக மூன்று வழிதான் உண்டு. வெளியே ஒழுகலாம். இன்ஜினுக்குள் போய்ப் புகையாகவோ ஆயிலோடு கலந்தோ போகலாம். சூடு தாங்காமல் மூடி வழியாகக் கொதித்து வெளியேறலாம். இதில் எது என்று கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால்வாசியை நீங்களே வீட்டு வாசலில் செய்துவிடலாம்.

உண்மையில் குறைகிறதா, எப்போது குறைகிறது

காலையில், இரவு முழுக்க நின்ற வண்டியில், சமதரையில் நிறுத்திப் பாருங்கள். சூடான கூலன்ட் விரிந்து மேலே ஏறி நிற்கும். ஓட்டிவிட்டு வந்து ஒரு நாளும், குளிர்ந்த பின் மறுநாளும் பார்த்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பாட்டிலில் இன்றைய மட்டத்தை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்திலேயே கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். ஊற்றும்போது அளந்து ஊற்றுங்கள், 'கொஞ்சம் ஊத்தினேன்' என்பது எந்த மெக்கானிக்குக்கும் உதவாது. '400 கிலோமீட்டருக்கு 200 மில்லி' என்று சொன்னால் பாதி நோய் தெரிந்துவிடும்.

பாட்டிலில் இரண்டு வகை உண்டு. புதிய டிசைன் வண்டிகளில் பாட்டிலே பிரஷரைத் தாங்கும், அதன் மேலேயே பிரஷர் மூடி இருக்கும். பழைய வகையில் பிரஷர் மூடி ரேடியேட்டர் மேல் இருக்கும். பக்கத்தில் இருக்கும் பாட்டில், வழிந்து வருவதைப் பிடித்து வைக்கவும் இன்ஜின் குளிரும்போது திரும்ப உறிஞ்சக் கொடுக்கவும்தான். இந்தப் பழைய வகையில்தான் ஏமாறுவோம். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டரோ பாதி காலியாக இருக்கும். மூடியின் நடுவில் இருக்கும் சின்ன உறிஞ்சு வால்வு ஒட்டிக்கொண்டாலோ, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ தண்ணீர் திரும்பி வராது. குளிர்ந்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அந்த வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதனால் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் போயும் பிரஷரால் கொதிக்காமல் அடங்கி நிற்கும் தண்ணீர். மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் முதல் சில ஓட்டங்களில் மட்டம் இறங்குவது சகஜம். உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதன் பிறகும் இறங்கினால்தான் தேடத் தொடங்க வேண்டும்.

அடுத்து, எந்த ஓட்டத்தில் குறைகிறது என்று பாருங்கள். இதற்கு நம் ஊர் ரோடுகளே போதும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறி, பாட்டில் வழிகிறது, ஆனால் பெங்களூர் ஹைவேயில் ஆம்பூர் வரை போனாலும் ஒன்றும் ஆவதில்லை என்றால், ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபேன் சுவிட்ச் இவற்றைப் பாருங்கள். ஹைவேயில் காற்று தானாக அடிக்கிறது, நெரிசலில் ஃபேன்தான் அடிக்க வேண்டும். ஊருக்குள் நன்றாக இருந்து ஹைவே வேகத்தில் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போதோ மட்டும் குறைந்து, சமவெளியில் வாரக்கணக்கில் அப்படியே நின்றால், அப்போதுதான் ஹெட் பக்கம் சந்தேகம் போக வேண்டும். லோடு கூடும்போதுதான் சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட்டைத் தாண்டும். ஓட்டாமல் நிற்கும்போதே குறைகிறது என்றால் பெரும்பாலும் அது வெளி ஒழுக்குதான்.

ஒரு சொட்டு கூட இல்லை என்பதன் ரகசியம்

கீழே சொட்டு இல்லை என்பதற்காக ஒழுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கசிந்த கூலன்ட் சூடான பிளாக் மேலோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலோ விழுந்தால் தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். தண்ணீர் போய்விடும், ஆனால் அதில் இருந்த உப்பும் சாயமும் போகாது. பச்சை, ரோஸ், வெள்ளை என்று பொருக்காக ஒட்டியிருக்கும். தேட வேண்டியது ஈரத்தை அல்ல, இந்தப் பொருக்கைத்தான்.

ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் தன் இண்டிகாவைக் கொண்டு வந்தார். வேறு ஒரு பட்டறையில் ஹெட் இறக்கச் சொல்லி எஸ்டிமேட் கூடக் கொடுத்துவிட்டார்கள். புகை சுத்தமாக இருந்தது, ஆயிலில் கலப்பு இல்லை. இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் காரின் உட்பகுதியையும் பிரிக்கும் தகடு) நடுவே, கை மட்டும் நுழையும் இடத்தில் ஹீட்டர் ஹோஸ் போகிறது. சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்தேன். கிளாம்ப்புக்குக் கீழே ஹோஸின் அடிப்பக்கம் முழுக்க வெளிர்பச்சையாகப் பொருக்கு தட்டிப்போயிருந்தது. விரலால் ஹோஸை மடக்கினால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. ஓடும்போது பிரஷரில் வெடிப்பு விரிந்து சொட்டும், சொட்டியது பின்பக்கச் சூட்டில் காயும். ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றினோம், கதை முடிந்தது. "ஹீட்டரை நான் போட்டதே இல்லையே, அதுல எப்படி?" என்றார் அவர். வேலூரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஹீட்டரை நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் குழாயில் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காததால்தான் இந்த ஹோஸ்கள் கடைசி வரை மாறாமல் இருக்கின்றன.

நீங்களும் அதே மாதிரி ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு பாருங்கள். அலுமினிய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்க்கை மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பு, மேலும் கீழும் உள்ள ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்று வரிசையாகப் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் கெட்டால் சொல்வதற்கென்றே வைத்த துளை அது. அங்கிருந்து கோடு வழிந்திருந்தால் பம்ப்பை மாற்றிவிடுங்கள், அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்ப்பே இறுகிவிடும். பெல்ட்டைக் கழற்றி புல்லியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் தெரியும்.

காரின் உள்ளே, முன் சீட்டுக் கால்மிதிக்கு அடியில் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது ஏசி தண்ணீரா கூலன்ட்டா என்று பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் நிறமும் வாடையும் இல்லாமல் இருக்கும், விரலில் வழவழக்காது. கூலன்ட் பிசுபிசுக்கும், தித்திப்பான வாடை வரும், உள்பக்கக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கலும் கட்டும். அது ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) ஒழுக்கு.

இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். மார்கழிக் காலையில் குளிரில் சுருங்கிய ஹோஸும் கிளாம்ப்பும் மட்டும் கசியும், இன்ஜின் சூடானதும் தானே அடங்கிவிடும். அட்டையில் கறை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள்.

இதிலெல்லாம் கிடைக்கவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர். மூடிக்குப் பதிலாக மாட்டி, கையால் அடிக்கும் பம்ப். மூடியில் 0.9, 1.1, 1.4 என்று பார் (பிரஷரின் அளவு) கணக்கில் அச்சடித்திருக்கும், குளிர்ந்த இன்ஜினில் அந்த அளவு வரை மட்டும் அடித்து, 15 நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது, உடனே டார்ச்சோடு குனியுங்கள், இப்போது காய்வதற்குச் சூடு இல்லை, சொட்டு அப்படியே தெரியும். ரேடியேட்டர் மூடியையும் அதே டெஸ்டரில் மாட்டி அடித்துப் பார்க்கலாம். அச்சடித்த அளவுக்கு முன்பே காற்றை விட்டால் மூடிதான் குற்றவாளி. அதே அளவு மூடியையே வாங்கிப் போடுங்கள், கூடுதல் பார் போட்டால் அடுத்து ஹோஸ் கிழியும். வண்டியை விடப்போகும் பட்டறையில் "பிரஷர் டெஸ்டர் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். இல்லாத இடத்தில் ஹெட் இறக்கும் பேச்சே வேண்டாம்.

நம் தண்ணீர் செய்யும் வேலை

பாலாற்றுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் தெரியும். ஆனாலும் ரேடியேட்டர் என்று வந்தால் மோட்டார் தண்ணீரையே பிடித்து ஊற்றுகிறோம். சுடுதண்ணீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் அடித்திருப்பார்கள், கோர் பிளக் என்று பெயர். வெறும் தண்ணீரில் ஓடும் வண்டியில் அவை உள்பக்கமிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விழும். பெரும்பாலும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பழைய சுமோ, பொலேரோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

உள்ளே போகிறது என்றால்

வெளியே எங்கும் இல்லை, மூடி நன்றாக இருக்கிறது, டெஸ்டரில் பிரஷர் இறங்குகிறது. இப்போதுதான் இன்ஜினின் உள்ளே பார்க்க வேண்டும். இங்கேயும் ஹெட் கேஸ்கெட் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

காலை முதல் ஸ்டார்ட்டில் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை எல்லாமே கூலன்ட் அல்ல. கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல், ஹீட்டர் பிளக்கையோ (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) இன்ஜெக்டரையோ பாருங்கள். குளிர் காலையில் சற்று நேரம் வந்து, சூடானதும் நின்றுபோவது வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பிறகும் அடர்த்தியாக, தித்திப்பு வாடையோடு, கலையாமல் நின்றால் அது கூலன்ட்.

இரவு நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், ஃபேன் பக்கம் கை போகாமல். இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே கல் மாதிரி இறுகிவிட்டால் அந்த பிரஷர் சூட்டினால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து வந்த வாயு. இன்னொரு நாள், குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து, வாய் வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழி வரும், அதை விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி கூடி, நிற்காமல் வந்து, கரிப்புகை வாடையும் அடித்தால் கேஸ்கெட்டோ ஹெட்டில் வெடிப்போ இருக்கிறது. எரிந்த வாயுவைக் காட்டும் நீலத் திரவம் வைத்த டெஸ்ட் கிட்டும் உண்டு, வாயு பட்டால் நிறம் மாறும். டீசலுக்கு ஒன்றைக் கவனியுங்கள்: ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) டீசல் இன்ஜின் ஏராளமான காற்றோடு எரிவதால் கார்பன் டை ஆக்சைடு குறைவாகத்தான் இருக்கும். நின்ற இடத்தில் ஐடிலில் வைத்துச் சோதித்து 'நிறம் மாறவில்லை, கேஸ்கெட் நல்லது' என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல ஏற்றம் ஏறிவிட்டு வந்து சோதியுங்கள்.

ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கெட்டியாக இருந்தாலோ, ஆயில் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தாலோ இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். (தினமும் அரை கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் லேசாக இப்படிப் படிவது ஈரத்தால் வருவது, ஸ்டிக்கில் இல்லை என்றால் பயம் வேண்டாம்.) நேர்மாறாக, கூலன்ட் பாட்டிலில் கருப்போ பழுப்போ ஆயில் மிதந்தால், ஹெட்டுக்கு முன் ஆயில் கூலரைக் கழற்றுங்கள். ஸ்விஃப்ட்டின் 1.3 இன்ஜினில் ஆயில் ஃபில்டர் பக்கத்தில் தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் கூலன்ட் பிரஷரை விட அதிகம், அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். இந்தச் சின்னக் கூலர் கெட்டதற்கு ஹெட்டை இறக்கியவர்கள் உண்டு.

இஜிஆர் கூலர் (இன்டேக்குக்குத் திருப்பி விடும் எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விப்பது) உள்ள இன்ஜின்களில் அதையும் பாருங்கள். அது உள்ளே வெடித்தால் கூலன்ட் நேராக இன்டேக்குக்குப் போய் எரியும். வெள்ளைப் புகை வரும், ஆயில் சுத்தமாகவே இருக்கும். இஜிஆர் பைப்பைக் கழற்றிப் பார்த்தால் நல்ல கூலரில் வறண்ட கரி, ஓட்டை கூலரில் ஈரக் கரி.

எந்த சிலிண்டர் என்று பார்க்க நான் செய்வது இது: கூலன்ட்டுக்கு பிரஷர் ஏற்றி இரவு விட்டுவிட்டு, காலையில் ஹீட்டர் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளுக்கு மேல் பனியன் வேஸ்ட்டைப் பரப்பி, இன்ஜினைச் சுற்றுவேன். எந்தத் துளையிலிருந்து ஈரம் தெறிக்கிறதோ அதுதான். முகத்தைத் தள்ளி வைக்க வேண்டும். பழைய ஹீட்டர் பிளக் ஹெட்டிலேயே உடையும், அதனால் இதை வீட்டில் செய்யாமல் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஹீட்டர் பிளக் கழற்றாமல் செல்ஃப் அடிக்கவே வேண்டாம். பழைய ஐடிஐ டீசல்களில் (டீசலை நேராக சிலிண்டருக்குள் அடிக்காமல் ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் அடிக்கும் வகை) கம்ப்ரஷன் விகிதம் 20-க்கு மேல், பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகக் கொஞ்சம். தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

இவ்வளவும் பார்த்து ஹெட்தான் என்று உறுதியானால் இறக்குங்கள். அப்போது ஃபேஸிங்கோடு ஹெட்டுக்கு பிரஷர் டெஸ்ட்டும் கேட்டு வாங்குங்கள். வால்வுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு இருந்தால் புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை.

இதற்கிடையில் ஓட்ட வேண்டியிருந்தால்

மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் விற்கும் ஒழுக்கடைப்பான் எதையும் போடாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சென்சார் இருக்கும் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போயிருக்கலாம், அது காற்றின் சூட்டைக் காட்டுகிறது. 40 டிகிரி கத்திரி வெயிலில், கொதிக்கும் இன்ஜினுக்கு ஜில் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். முழுதாக ஆறும் வரை மர நிழலில் உட்காருங்கள்.

பழுது பார்த்த பிறகு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கம்பெனி சொன்ன விகிதத்தில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வெவ்வேறு கலவைகள் உண்டு. கார் மேனுவலில் உள்ள தரத்தைப் பாருங்கள். வண்டியின் மூக்கை மேடான பக்கம் நிறுத்தி, ஏர் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் உள்ளே காற்று இன்னும் இருக்கிறது. ஆறிய பிறகு நிரப்பி, பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டு, அடுத்த ஒரு வாரம் காலையில் பாருங்கள். வடித்த கூலன்ட்டை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் தெரு நாய் நக்கும், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் அதற்கு விஷம். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.